கணினியில் ஏற்றும் முன் பணிப்பதிவேட்டைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர்களின் சம்பளமும் பணிப்பதிவேடும் அரசின் 'களஞ்சியம்' மென்பொருள் வழியாகக் கணினிக்கு வந்துவிட்டன. அதைப் பார்த்து அரசு உதவிபெறும் கல்லூரிகளும் பள்ளிகளும் தங்கள் பணியாளர் ஆவணங்களைக் கணினிமயமாக்கத் தொடங்கியிருக்கின்றன. தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று தொடங்கியவையும் உண்டு. காரணம் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலைதான். அது நடக்கிற விதம்தான் கவலை தருகிறது. மென்பொருளை வாங்குகிறார்கள், தட்டச்சு தெரிந்த இரண்டு பேரைத் தற்காலிகமாக அமர்த்துகிறார்கள், பீரோவில் இருக்கும் எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்து 'மாதக் கடைசிக்குள் முடித்துவிடுங்கள்' என்கிறார்கள். எஸ்.ஆரில் உள்ள பிழை, விடுபட்ட பதிவு, தெளிவில்லாத தேதி எல்லாம் அப்படியே கணினிக்குள் போய்விடுகின்றன. அதுவரை சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு பதிவு, திரையில் வந்ததும் யாரும் கேள்வி கேட்காத தகவலாகிவிடுகிறது. அதன் விலையை அந்தப் பணியாளரோ அவர் குடும்பமோ ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும்போது கொடுக்கிறார்கள். ஆகவே தட்டச்சுக்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபத்தைந்து ஆண்டு பணியாற்றிய ஒருவரின் எஸ்.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். நியமனம், பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடித்தது, ஆண்டு ஊதிய உயர்வுகள், 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை, ஊதியக்குழு நிர்ணயங்கள், விடுப்பு, சரண்டர் (ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது), பதவி உயர்வு, ஒவ்வோர் ஆண்டும் பணிச் சரிபார்ப்பு என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும். உண்மையில் இருப்பது ஏழெட்டு எழுத்தர்களின் கையெழுத்து, நடுவே எதுவும் எழுதப்படாத இரண்டு மூன்று ஆண்டுகள், கல்லூரி முதல்வர் கையொப்பம் விடுபட்ட சில பதிவுகள். இதை நேரடியாகக் கணினியில் ஏற்றக் கூடாது. ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு வரிசைத் தாள் போட வேண்டும். நிகழ்வு, ஆணை எண்ணும் நாளும், நடைமுறைக்கு வந்த தேதி, எஸ்.ஆர். பக்க எண், ஆணை நகல் தனிக்கோப்பில் இருக்கிறதா என்று ஐந்து கட்டம் போதும். எஸ்.ஆரில் பதிவு இருந்து ஆணை இல்லாதவற்றைச் சிவப்பிலும், ஆணை இருந்து எஸ்.ஆரில் ஏறாதவற்றை நீலத்திலும் குறித்துவிட்டால், செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

விடுபட்ட ஆணை கல்லூரியில் இல்லையென்றால் தேட வேறு இடங்கள் இருக்கின்றன. அந்த மாதச் சம்பளப் பட்டியலின் அலுவலக நகல், பட்டுவாடாப் பதிவேடு, ஊதிய உயர்வுப் பதிவேடு, மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகக் கோப்பு, பணியாளர் வீட்டில் வைத்திருக்கும் நகல் எஸ்.ஆர். ஆகியவற்றைப் பார்க்கலாம். இவற்றில் சம்பளப் பட்டியல்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். எந்த மாதத்தில் அடிப்படை ஊதியம் மாறியது என்பது அதில் தெரிந்துவிட்டால், ஆணையைத் தேட வேண்டிய காலம் மூன்று மாதத்துக்குள் சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில்தான் வரும். வேறு மாதத்தில் ஊதியம் மாறியிருந்தால் அது பதவி உயர்வாகவோ தேர்வு நிலையாகவோ ஊதிய நிர்ணயமாகவோ இருக்க வேண்டும்.

அடிக்கடி விடுபடுபவை எவை என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதிய கடிதம் இருக்கும். பதில் வந்ததா என்பது பதிவாகியிருக்காது. நேரடி நியமனமானால் தொடர்ந்த மூன்றாண்டுக் காலத்தில் இரண்டாண்டு தகுதிகாண் பருவம். அதை முடித்ததற்கான ஆணை பிறப்பிக்கப்படாமலே தேர்வு நிலை வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். வேலைநிறுத்தக் காலம் எஸ்.ஆரில் சிவப்பு மையில் பதிவாகியிருக்கும். பிறகு அது பணிக்காலமாக முறைப்படுத்தப்பட்டது ஏறியிருக்காது. 2003 ஜூலை, 2019 ஜனவரி ஆகிய இரண்டு வேலைநிறுத்தக் காலங்களையும் ஒவ்வொரு எஸ்.ஆரிலும் தனியாகப் பார்ப்பது நல்லது. ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்கு மாறியவர்களுக்கு விடுவிப்பு பிற்பகலா, பணியேற்பு முற்பகலா என்பது முக்கியம். விடுவிப்பு பிற்பகல், மறுநாள் முற்பகலில் சேர்ந்தார் என்றால் பணி தொடர்ச்சியானது. முற்பகல், பிற்பகல் என்று குறிக்க இடமே இல்லாத மென்பொருளில் வெறும் தேதியை மட்டும் ஏற்றினால், பல ஆண்டு கழித்து ஒருவர் அதைப் பார்த்து ஒரு நாள் முறிவு என்று எழுதிவிடுவார்.

உதவிபெறும் நிறுவனங்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே நியமனம் செய்வது நிர்வாகம். ஒப்புதல் தருவது கல்வித்துறை. ஒருவர் 2003 பிப்ரவரியில் பணியில் சேர்ந்திருப்பார். நியமன ஒப்புதல் ஆணை 2004இல் வந்திருக்கும். 'பணியில் சேர்ந்த நாள் முதல்' என்று ஆணையின் உள்ளே ஒரு வரி இருக்கும். தட்டச்சு செய்பவர் ஆணையின் மேல்முனையில் உள்ள தேதியை எடுத்து நியமனத் தேதிக் கட்டத்தில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் (சி.பி.எஸ்.) சேர்க்கப்பட்டவர்கள். பழைய ஓய்வூதியத்துக்கு உரிய ஒருவரை அந்த ஒற்றைத் தேதி சி.பி.எஸ். பட்டியலுக்குத் தள்ளிவிடும். ஆகவே நியமனத்துக்கு நான்கு தேதிகள் தனித்தனியாக வேண்டும்: நிர்வாகத்தின் நியமன ஆணை நாள், பணியில் சேர்ந்த நாள், ஒப்புதல் ஆணை நாள், ஒப்புதல் நடைமுறைக்கு வரும் நாள். 'நியமனத் தேதி' என்று ஒரே கட்டம் வைத்திருக்கும் மென்பொருள் உதவிபெறும் கல்லூரிக்குப் பொருந்தாது.

இதே முறை எல்லா நிகழ்வுக்கும் பொருந்தும். ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டிய ஊதிய நிர்ணயம் தமிழ்நாட்டில் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாகவும் (பணம் தராமல் கணக்குக்கு மட்டும்), 2017 அக்டோபர் 1 முதல் பணப்பலனோடும் வந்தது. இதில் ஒரு தேதியை மட்டும் ஏற்றினால் நிலுவைக் கணக்கும் தவறும், அடுத்த பதவி உயர்வில் ஊதிய நிர்ணயமும் தவறும். விருப்ப உரிமை கொடுத்து வேறு தேதியில் நிர்ணயம் செய்துகொண்டவர்களுக்கு அந்த விருப்பக் கடிதமும் படமாகச் சேர்ந்திருக்க வேண்டும். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் 10 முதல் நிறுத்தப்பட்டது; அதற்கு முன் தகுதி பெற்றவர் யார், பின் பெற்றவர் யார் என்பது பட்டச் சான்றின் தேதியைப் பொறுத்தது. இந்தத் தேதிகளை எழுத்தரின் நினைவில் விட்டுவிடாமல் பதிவிலேயே வைக்க வேண்டும்.

எந்தத் தகவலையும் அழித்து அதன் மேல் புதியது எழுதும் வசதி மென்பொருளில் இருக்கவே கூடாது. ஊதியம் மாறினால் பழைய வரி அப்படியே நிற்க வேண்டும். புதிய வரி அதன் கீழே, எந்த நாள் முதல் என்ற குறிப்போடு சேர வேண்டும். விதிகளுக்கும் இதே கதிதான் வேண்டும். மகப்பேறு விடுப்பு ஒரு காலத்தில் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம். இன்றைய விதியை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் மென்பொருளில் 2015இல் எடுத்த விடுப்பை ஏற்றினால் 'பாக்கி உள்ளது' என்று காட்டும். 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட ஈட்டிய விடுப்பு சரண்டர் 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் வந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் சரண்டர் பதிவு இருந்தால் கணினியே எச்சரிக்க வேண்டும்.

பிறந்த தேதியைப் பற்றித் தனியாகவே ஓர் எச்சரிக்கை தேவை. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் பிறந்த தேதியை மாற்றக் கோர முடியும். அதற்குப் பிறகு கணினியில் தவறாக ஏறிய தேதியைத் திருத்தச் சொன்னாலும், 'பிறந்த தேதி மாற்றம் கேட்கிறார்' என்று பார்க்கும் அலுவலகங்கள் உண்டு. ஆகவே எஸ்.ஆரின் முதல் பக்கத்தையும் பத்தாம் வகுப்புச் சான்றையும் அருகருகே வைத்து இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்பமிட்ட பிறகே இந்தக் கட்டத்தைப் பூட்ட வேண்டும். ஓய்வு நாளைக் கணினி தானாகக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் பிசகும். முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். மற்றவர்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளில். ஓய்வு வயது 58இலிருந்து 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. 1962 மே 1இல் பிறந்த இளநிலை உதவியாளர் 2020 ஏப்ரல் 30இல் ஓய்வு பெற்றார். அவருக்கு ஒரு நாள் இளையவர், அதாவது மே 2இல் பிறந்தவர், 2022 மே 31 வரை பணியில் இருந்தார். இந்த இரண்டு பேரையும் மாதிரியாக உள்ளே போட்டுப் பார்த்தால், உங்களிடம் விற்க வந்திருக்கும் மென்பொருளின் தரம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்குக் கல்வியாண்டு முடியும்வரை தரும் மறுநியமனம் இன்னொரு தனிக் கட்டம். அதை ஓய்வு நாளோடு கலந்துவிட்டால் பணிக்காலக் கணக்கு வீங்கிவிடும்.

விடுப்புக் கணக்கு அடுத்த இடர். தனியார் கம்பெனிகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களில் சாதாரண விடுப்பு, நோய் விடுப்பு, ஈட்டிய விடுப்பு என்று மூன்றே வகைதான் இருக்கும். நமக்கோ ஈட்டிய விடுப்பு அலுவலகப் பணியாளருக்கு ஆண்டுக்கு 30 நாள், கோடை விடுமுறை உள்ள பள்ளி ஆசிரியருக்கு 17 நாள், சேர்த்துவைக்கும் உச்சவரம்பு 240. மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு பணிக்காலத்தைப் பொறுத்து 90, 180, 270, 360 என்று ஏறி 20 ஆண்டுக்கு மேல் 540 நாள். சொந்தக் காரணங்களுக்கான ஈட்டா விடுப்பு மொத்தம் 180 நாள். 240 நாள் நிறைந்தவரின் கணக்கில் மேலும் மேலும் நாள்களைச் சேர்த்துக்கொண்டே போகும் மென்பொருள், ஓய்வு நாளில் அவருக்கு வராத பணத்தை வரும் என்று காட்டும். பழைய விடுப்பை ஏற்றும்போது இன்றைய இருப்பை மட்டும் போட்டுவிட்டு, 'இது தொடக்க இருப்பு' என்று கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. அந்த இருப்பு எப்படி வந்தது என்று ஐந்து ஆண்டு கழித்துத் தணிக்கைக் குழு கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. விடுப்புக் கணக்கை முதல் நாளிலிருந்து ஏற்றுங்கள். நேரம் இல்லையென்றால் விடுப்புக் கணக்குப் பக்கங்களின் படத்தை அந்தத் தொடக்க இருப்போடு இணைத்தாவது வையுங்கள்.

பெயரில் வரும் தொல்லையைச் சிறியது என்று நினைப்பவர்கள் வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். மு. சுப்பிரமணியன் என்பவர் எஸ்.ஆரில் அப்படியே இருப்பார்; பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும்; ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்து முருகேசன் என்று சேர்ந்திருக்கும்; வருமான வரி அட்டையில் முருகேசன் முன்னால் வந்து நிற்கும். சுப்பிரமணியனை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழி உண்டு. முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த மென்பொருளில் ஒவ்வோர் எழுத்தரும் தமக்குத் தோன்றியபடி பிரிப்பார். இதற்கு எளிய தீர்வு, பெயரை ஐந்து கட்டமாக வைப்பதுதான்: எஸ்.ஆரில் உள்ளபடி தமிழில், பள்ளிச் சான்றில் உள்ளபடி, ஆதாரில் உள்ளபடி, வருமான வரி அட்டையில் உள்ளபடி, வங்கிக் கணக்கில் உள்ளபடி. எதையும் மற்றொன்றோடு ஒத்துவரும்படி எழுத்தர் 'சரிசெய்ய'க் கூடாது. எங்கே வேறுபடுகிறது என்ற பட்டியலை எடுத்து, பணியாளரிடம் கொடுத்து, அவர் வழியாகத்தான் திருத்த வேண்டும். அரசிதழில் பெயர் மாற்றியவர்களுக்கு அரசிதழ் நாளும் சேரட்டும். ஆதார் எண்ணையே பணியாளர் எண்ணாக வைக்கும் பழக்கமும் வேண்டாம். கல்லூரியே ஒரு வரிசை எண் தர வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் தரக் கூடாது.

தமிழ் எழுத்துருவில் ஒளிந்திருக்கும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. பல அலுவலகங்களில் பழைய கோப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கணினிகளில் பழையவை குவிந்து கிடக்கின்றன. மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கௌரி என்ற பெயரில் 'கௌ' என்பதன் பின்பாதியை 'ள' என்ற எழுத்தால் அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. கணினிக்கு அது கெ, ள, ரி என்ற மூன்றெழுத்து. கௌரி என்று தேடினால் அந்த அம்மையாரின் பதிவு வராது. வராததால் புதிய பதிவு ஒன்று போடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. கௌசல்யா, சௌந்தரராஜன், மௌனிகா என்று இந்த எழுத்து வரும் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியல் எடுத்து மறுபடி அடித்துவிடுவது அரை நாள் வேலை. சுழியத்துக்கு 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடிக்கும் பழைய தட்டச்சுப் பழக்கத்தையும் எண் கட்டங்களில் தேடிப் பாருங்கள்.

எக்செல் வழியாகத் தரவைத் திரட்டுபவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/07/1998 என்று அடித்த ஜூலை 5 சத்தமில்லாமல் மே 7 ஆகிவிடும். 25/07/1998 என்று அடித்தது மட்டும் மாறாது. ஏனென்றால் இருபத்தைந்தாவது மாதம் இல்லை. அதனால் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் நின்றால், வலப்புறம் நிற்பவையெல்லாம் மாறிப்போயிருக்கலாம் என்று பொருள். நெடுவரிசையை முதலிலேயே 'உரை' என்று அமைத்துவிட்டு, ஆண்டை நான்கு இலக்கத்தில் முன்னால் வைத்து 1998-07-05 என்று அடிப்பதே பாதுகாப்பு. அடுத்தது வங்கிக் கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும். முன்னால் உள்ள சுழியங்களையும் தின்றுவிடும். மூன்றாவது, ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடிப்பது. பல கணினிகளில் 30 முதல் 99 வரை 1900களாகவும், 29 வரை 2000களாகவும் அது எடுத்துக்கொள்ளும். 1928இல் பிறந்த தாயை வாரிசாகக் காட்டியிருந்தால் அவர் 2028இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார்.

வாரிசு என்றதும் ஒன்று. வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான வாரிசு நியமனப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் தாய் பெயரில் கொடுத்தது அப்படியே இருக்கும் கோப்புகள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. பழைய படிவத்தை ஏற்றாமல், எல்லோரிடமும் புதிய படிவம் வாங்கி ஏற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பக்கங்களைப் படமெடுப்பது ஒப்பீட்டில் எளிது, ஆனால் அதிலும் அவசரம் ஆகாது. எஸ்.ஆர். தைத்த புத்தகம். தாள்களைத் தானாக இழுக்கும் ஸ்கேனருக்காகத் தையலைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்த எஸ்.ஆரை நம்பத்தகுந்ததாக எவரும் ஏற்க மாட்டார்கள். ஏ3 அளவு படுக்கை ஸ்கேனர் வேண்டும். புத்தகத்தை விரித்து வைத்தால் ஏ4இல் அடங்காது. 300 டி.பி.ஐ. தெளிவில், வண்ணத்தில் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பச்சை மைக் கையொப்பமும் சிவப்பு மைப் பதிவும் ஒன்றாகிவிடும், வெளிறிய முத்திரை காணாமலே போய்விடும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். இல்லையேல் பக்க எண் தொடர்ச்சி அறுந்து, இடையில் ஏதோ மறைக்கப்பட்டதாகத் தோன்றும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். 150 பேர் உள்ள கல்லூரி, ஆளுக்கு 80 பக்கம் என்றால் 12,000 பக்கம். விரித்த நிலையில் 6,000 படம். படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தால் 100 மணி நேரம், நாளுக்கு ஐந்து மணி நேர வேலையானால் 20 நாள். படம் ஒன்றுக்கு 3 எம்.பி. என்று வைத்தாலும் மொத்தம் 18 ஜி.பி.தான். கையெழுத்தைக் கணினி தானே படித்துவிடும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பலர் கையால் எழுதிய எஸ்.ஆரை மனிதர்தான் படித்து அடிக்க வேண்டும். தேதி, தொகை உள்ள கட்டங்களை இரண்டு பேர் தனித்தனியாக அடித்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடுவதை மட்டும் மூன்றாமவர் எஸ்.ஆரைப் பார்த்துத் தீர்ப்பதே தேறிய முறை.

இவ்வளவும் எவ்வளவு காலம் பிடிக்கும்? வரிசைத் தாள் போடுவதுதான் நீண்ட வேலை. அனுபவமுள்ள எழுத்தர் ஒரு நாளில் இரண்டு எஸ்.ஆருக்கு மேல் உருப்படியாகப் பார்க்க முடியாது. 150 எஸ்.ஆருக்கு 75 வேலை நாள். மாதச் சம்பளப் பட்டியல் வேலையையும் அவரே செய்தால் ஆறு மாதம். இதைக் கேட்டதும் நிர்வாகம் மலைத்துப்போகிறது. எல்லோருடையதையும் ஒரே சமயத்தில் முடிக்க வேண்டியதில்லை. அடுத்த ஐந்து ஆண்டில் ஓய்வு பெறுபவர்களை முதலில் எடுங்கள், பிறகு பணியிடையில் காலமானவர்களின் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள், பிறகு மற்றவர்கள். கூடுதல் ஊதியம் கொடுக்கப்பட்டதைக் கடைசி ஆண்டில் கண்டுபிடித்துப் பிடித்தம் செய்யும் கொடுமையும் இதனால் குறையும். தொகுதி சி, டி பணியாளர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர்களிடமிருந்தும் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஒவ்வொருவரும் நீதிமன்றம் போய்த்தான் பணத்தை மீட்க வேண்டும் என்ற நிலை ஏன் வர வேண்டும்? பத்து ஆண்டு முன்னதாகவே தெரிந்திருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும்.

மென்பொருள் வாங்குபவர்கள், விற்பவர் கொண்டுவரும் மாதிரித் தரவில் அதை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உங்கள் கல்லூரியின் கடினமான பத்து எஸ்.ஆர்களைப் பெயரை மறைத்துக் கொடுங்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் பிழைப்பூதியம் பெற்றுத் திரும்பியவர், வேறு நிர்வாகத்திலிருந்து முன் ஊதியச் சான்றோடு வந்தவர், ஊதியமில்லா விடுப்பில் வெளிநாடு சென்றவர், கருணை அடிப்படையில் சேர்ந்தவர், எம்.ஃபில்., பிஎச்.டி. அடிப்படையில் பணி மேம்பாட்டுத் திட்டத்தில் நிலை உயர்ந்த உதவிப் பேராசிரியர், இவர்களை ஏற்ற முடிந்தால்தான் அது உதவும். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஒப்பந்தம் முடியும்போது எல்லாத் தரவும், எல்லாப் படமும், மாற்ற வரலாறும் எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தி, கட்டாவிட்டால் தரவு இல்லை என்று சொல்லும் நிலைக்கு ஆளாகக் கூடாது.

ஒரே வளாகத்தில் இயங்கும் சுயநிதிப் பிரிவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே எஸ்.ஆர். கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நியமனக் கடிதமும், வருகைப் பதிவேடும், சம்பளப் பட்டியலும்தான் அவர்கள் வேலை செய்ததற்குச் சாட்சி. உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் கற்பித்தல் அனுபவத்துக்கு மதிப்பெண் தந்தபோது, மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் பெற்ற அனுபவச் சான்று கேட்டது. பழைய பதிவேடு கிடைக்காமல் அந்தச் சான்றுக்காக அலைந்தவர்கள் ஏராளம். பன்னிரண்டு இலக்க வைப்புநிதிக் கணக்கு எண்ணில் சேர்ந்த நாள் தவறாகவோ, விலகிய நாள் ஏறாமலோ இருந்தால், அவர்கள் அடுத்த வேலைக்குப் போகும்போது பணம் மாறாது. குறைந்த சம்பளத்தில் பத்தாண்டு பாடம் நடத்தியவருக்கு அந்தக் கல்லூரி தரக்கூடிய ஒரே சொத்து சரியான பதிவு. உதவிபெறும் பிரிவுக்குச் செய்யும் அதே கவனத்தோடு அவர்களுக்கும் செய்ய வேண்டும்.

முதல்வரின் கடவுச்சொல் எழுத்தரிடம் இருக்கும் அலுவலகத்தில் எந்தப் பாதுகாப்பும் பயனில்லை. பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழிக்க முடியாத பதிவாக இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கல்லூரிக்கும் பொருந்தும். ஆதார் எண்ணும் மருத்துவச் சான்றும் உள்ள எக்செல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். தரவுக்கு மூன்று படி (நகல்) வைத்து, அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் படியிலிருந்து ஒருவருடைய பதிவை வெளியே எடுத்துப் பாருங்கள். திறக்காத காப்புப்படி இருந்தும் பயனில்லை. கணினி வந்துவிட்டது என்று காகித எஸ்.ஆரை மூட்டை கட்டவும் கூடாது. அஞ்சலில் தொலைந்து, நகல் எஸ்.ஆர். போட ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூல எஸ்.ஆர். எந்த அலுவலகத்துக்குப் போவதானாலும் அன்றைய தேதி வரையிலான படம் எடுத்த பிறகே போகட்டும்.

கல்லூரிக் கல்வித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உதவிபெறும் நிறுவனங்களில் எஸ்.ஆர். சரிபார்ப்புக்கென்று ஆறு மாதத்துக்கு ஒரு கூடுதல் எழுத்தரை அமர்த்திக்கொள்ள அனுமதியும் அதற்கான நிதியும் தர வேண்டும். காலிப் பணியிடங்களோடு இயங்கும் அலுவலகங்களால் இருக்கும் ஆள்களை வைத்து இதைச் செய்ய முடியாது. இரண்டாவது, ஆண்டுதோறும் ஜனவரியில் ஒவ்வொரு பணியாளருக்கும் கணினியில் உள்ள அவருடைய முழுப் பதிவையும் அச்செடுத்துக் கொடுத்து, முப்பது நாளுக்குள் மறுப்பு இருந்தால் எழுத்தில் வாங்கி, இல்லையென்றால் ஒப்பம் வாங்கி, அந்தத் தாளைத் தனிக்கோப்பில் சேர்க்க ஆணையிட வேண்டும். ஒருவருக்கு நான்கைந்து தாள்தான் செலவாகும். சேர்ந்த தேதி தவறு என்று முதலாம் ஆண்டிலேயே தெரிந்தால், கையொப்பமிட்ட முதல்வரும் எழுதிய எழுத்தரும் பணியில் இருக்கும்போதே அதைத் திருத்திவிடலாம்.

இப்படிக்கு,
உதவிபெறும் கல்லூரி ஒன்றின் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
மதுரை.